முன்னோர் பெயரும் பழைய ஏடுகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கீரப்பாளையத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏடும் எழுதுகோலும் கொடுத்து வரும் இக்கழகத்தின் வெள்ளி விழாவில், "பழைய பதிவேடுகளில் ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி" என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தேர்வுக்கும் வேலைக்கும் ஆயத்தமாகிக் கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு இப்பொருளால் என்ன பயன் என்று சிலர் எண்ணக்கூடும். பயன் உண்டு. ஏட்டில் பெயர் இல்லாதவன் உரிமை கேட்க நிற்கும்போது என்ன பாடுபடுகிறான் என்பதை இவ்வுரையின் நடுவே இரு நாடுகளின் வரலாற்றிலிருந்து காட்டுவேன்.

முதலில் ஒரு கேள்வி. இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்களில் தம் தாத்தாவுடைய தந்தையின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? பாட்டியைப் பெற்ற தாயின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கைகள் மிகச் சிலவே உயரும் என்பதை நான் அறிவேன். அதற்காக எவரும் நாணவேண்டியதில்லை. நாம் மறந்தவர்கள் அல்லர். நம்மை எழுதாமல் விட்டார்கள்.

ஒரு நெசவாளியின் பெயர்

ஸ்காட்லாந்து என்ற சிறிய நாட்டை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஓர் ஏழை நெசவாளியின் குடும்பத்தை இன்று ஒரு மாணவர் தேடிக் கண்டுபிடிக்க விரும்பினால், அவருக்கு மூன்று வகை ஏடுகள் கைகொடுக்கின்றன.

முதலாவது, கோயில் ஏடு. அந்நாட்டில் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் குழந்தையின் ஞானஸ்நானத்தையும் திருமண அறிவிப்பையும் எழுதி வைத்தனர். பெர்த்ஷயரிலுள்ள எரோல் என்னும் ஊரின் ஏடு 1553ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. இரண்டாவது, அரசுப் பதிவு. 1855 ஜனவரி முதல் நாள் தொட்டுப் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகிய மூன்றையும் அரசே பதிவு செய்தது. மூன்றாவது, மக்கள் தொகைக் கணக்கு. 1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் வயதையும் தொழிலையும் எழுதினர். அந்த ஏடுகளை அழிக்காமல் காத்து, நூறு ஆண்டு கடந்ததும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து விடுகின்றனர். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது.

இம்மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதுதான் தேடுவோரின் வேலை. 1851ஆம் ஆண்டுக் கணக்கு ஒருவர் பிறந்த பங்கின் பெயரைச் சொல்லும். அந்தப் பங்கின் ஞானஸ்நான ஏடு அவருடைய பெற்றோரின் பெயரைச் சொல்லும். பெண்ணின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் ஸ்காட்லாந்துப் பதிவுகள் விடாமல் எழுதுவதால், தாய்வழியையும் தேடிச் செல்ல முடிகிறது.

ஆயினும் அந்த நாட்டிலும் எல்லாரும் ஏட்டில் ஏறிவிடவில்லை. 1783ஆம் ஆண்டில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தார்கள். 1794 வரை அந்த வரி நீடித்தது. காசில்லாத குடும்பங்கள் பல தங்கள் குழந்தைகளைப் பதியாமலே விட்டுவிட்டன. பிறகு 1845ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் வந்தது. உதவி கேட்டு வந்த ஏழையிடம் ஊர், பெற்றோர், பிள்ளைகள், முன்பு வாழ்ந்த இடங்கள் ஆகிய அனைத்தையும் துருவிக் கேட்டு அலுவலர் எழுதினார். வளமாக வாழ்ந்தவர்களைப் பற்றிக்கூடக் கிடைக்காத செய்திகள் இரந்து நின்ற ஏழையைப் பற்றிக் கிடைக்கின்றன.

இதிலிருந்து நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஏழையின் பெயரை ஏடு தானாக நாடி வந்து எழுதுவதில்லை. அதிகாரத்துக்கு எப்போது அந்தப் பெயர் தேவைப்பட்டதோ அப்போதுதான் எழுதியது. எனவே நம் முன்னோரைத் தேடப் புறப்படும் நாம், "யாருக்கு எப்போது இவர்களுடைய பெயர் தேவைப்பட்டது?" என்ற கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை

நம் மண்ணுக்கு வருவோம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர் ஊராக வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. சேரி இருந்த இடத்தைக் கல்லில் வெட்டினார்கள். அதில் குடியிருந்தவர்களின் பெயரை வெட்டவில்லை.

இப்பகுதியோடு நெருங்கிய தொடர்புடைய நந்தனாரை நினைத்துப் பாருங்கள். கொள்ளிடக் கரை ஆதனூரில் பிறந்து தில்லைக்கு வந்தவர் என்று பெரியபுராணம் அவரைப் போற்றுகிறது. ஊரைச் சொல்கிறது; தொழிலைச் சொல்கிறது; "நாளைப் போவேன்" என்று ஏங்கியதால் வந்த திருநாளைப்போவார் என்னும் பெயரையும் சொல்கிறது. அவரைப் பெற்றவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

ஆங்கிலேயர் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறைக்கு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை இம்மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். கிளாஸ்கோ நகரில் 1761 மே 27ஆம் நாள் அவர் பிறந்தார் என்று நாளோடு நமக்குத் தெரிகிறது. அவர் வகுத்த முறையில் பட்டாவில் பெயர் ஏறியவர் நிலத்துக்கு உரியவர்; நிலத்தில் இறங்கி ஏர் பிடித்தவர் அல்லர். பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்த நம் முப்பாட்டன் எந்த ஆண்டில் பிறந்தார் என்பதுகூட எந்த ஏட்டிலும் இல்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றத்தின் துணை இல்லாமல் செய்தது. அந்தச் சட்டத்தால் கட்டு நீங்கியவர்கள் யார் யார் என்று ஊர்தோறும் ஒரு பட்டியல் எழுதப்பட்டிருந்தால் நமக்கு அது பெருஞ்செல்வமாக இருந்திருக்கும்.

மக்கள் தொகைக் கணக்கு இங்கும் எடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1871இல் எடுத்தார்கள். இந்தியா முழுவதும் ஒரே நாளில் 1881 பிப்ரவரி 17 அன்று எடுத்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் செய்தது போல வீட்டுத் தாள்களைக் காத்து வைக்கவில்லை. கூட்டுத்தொகை போட்டு முடித்ததும் அவற்றை அழித்துவிட்டனர். ஆகவே தென்னாற்காடு மாவட்டத்தில் எந்தச் சாதியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அச்சு நூல்களில் இருக்கிறது. எவருடைய பெயரும் இல்லை. 1948ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குச் சட்டமும் தனியாள் விவரங்களை யாரும் பார்வையிட முடியாதபடி தடுக்கிறது. மக்கள் தொகைக் கணக்கு என்ற வாயில் நமக்கு அடைபட்ட வாயில் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கப்பல் ஏறியவர்களின் ஏடு

அப்படியானால் நம்மவர் பெயர் யாருக்குத் தேவைப்பட்டது? கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது. அடிமை முறை ஒழிந்தபின் கடல் கடந்த தீவுகளில் வேலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. 1834 முதல் மொரீசியஸுக்கும், 1850களில் பிரெஞ்சுக்காரரின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும், 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், 1903 முதல் பீஜிக்கும் தமிழ்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் இன்னும் பலரை ஊரை விட்டுத் துரத்தியது. கூலி ஓடிப்போனால் பிடிக்கவேண்டும், ஒப்பந்த ஆண்டுகளைக் கணக்கிடவேண்டும், செத்தால் கழிக்கவேண்டும். அதற்காக ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ என்னும் கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவற்றை எழுதினர். இப்பட்டியல்களை ஆராய்ந்து சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். மொரீசியஸில் இறங்கிய ஏறத்தாழ நாலரை லட்சம் பேரின் ஏடுகள் மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. அங்கே பிற்காலத்தில் வந்தவர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன.

நண்பர்களே, இந்த முரண்பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊரில் இருந்தவரை அந்த மனிதருக்கு ஏட்டில் ஒரு வரி இல்லை. ஊரை விட்டுக் கூலியாகப் போனபின் அவருடைய முழங்கால் தழும்பு வரை எழுதப்பட்டது. அன்பினால் எழுதியது அன்று, உடைமைக் கணக்காக எழுதியது. ஆனாலும் அந்தக் கணக்குப் பிள்ளைக்குத் தெரியாமலே நம் முன்னோரின் பெயர் பிழைத்துக் கிடக்கிறது.

அந்த ஏடுகளைப் படிக்கும்போது மூன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்தபடி எழுதினார். முத்துசாமி என்ற பெயர் பிரெஞ்சுத் தீவுகளில் மூத்தூசாமி ஆயிற்று. வீரப்பன் என்பது விராப்பேன் ஆயிற்று. வாய்விட்டுப் படித்தால்தான் பெயர் தன்னைக் காட்டும். இரண்டாவது, ரீயூனியன் தீவில் தமிழரை "மலபார்" என்றே குறித்தனர். அதைக் கண்டு கேரள நாட்டார் என்று ஒதுக்கிவிடலாகாது. மூன்றாவது, வயது பெரும்பாலும் கண்மதிப்பு. ஸ்காட்லாந்திலேயே 1841ஆம் ஆண்டுக் கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்து ஐந்தாகக் குறைத்து எழுதினார்கள். ஐந்தாண்டு முன்பின் இருந்தால் அதனால் மட்டும் ஒருவரைத் தள்ளிவிட வேண்டாம்.

புதுச்சேரியும் காரைக்காலும் நமக்கு அண்டைத் துறைமுகங்கள். 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் ஆங்கில இந்தியாவின் குடிகளும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். எனவே தென்னாற்காட்டுக் குடும்பங்களைத் தேடுவோர் சென்னைத் துறைமுக ஏடுகளோடு நின்றுவிடலாகாது.

ஹென்றி சிதாம்பரோம்

இப்போது, முன்னரே நான் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன். குவாதலூப் தீவில் கப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863ஆம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதன் பெற்றோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். குழந்தையின் பெயர் ஹென்றி. குடும்பப் பெயர் சிதாம்பரோம். பிரெஞ்சுக்காரரின் நாவில் புரண்டு மாறியிருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் நமக்குத் தெரிகிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கோபுரம் தெரியும் ஊரின் பெயரல்லவா அது!

பிரெஞ்சுத் தீவுகளில் பிறப்பு, இறப்பு, திருமண ஏடுகள் ஊர்தோறும் ஒழுங்காக எழுதப்பட்டன. இந்தியாவிலிருந்து ஒற்றைப் பெயரோடு இறங்கிய ஒருவரின் பெயரே அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அதனால்தான் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்தத் தீவில் தமிழ்ப் பெயர்கள் வாழ்கின்றன.

1904ஆம் ஆண்டில், அந்தத் தீவில் பிறந்த இந்தியர் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று சிதாம்பரோம் முன்வந்தார். தீவின் ஆளுநராக இருந்த லா லுவாயேர் பிரபு அதை எதிர்த்து வழக்காடினார். இவர்கள் ஆங்கிலேயரின் குடிகளுடைய மக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இவர்களுக்கு இல்லை என்பது எதிர்ப்பின் சாரம். இந்த மண்ணில் பிறந்து, இந்த ஏட்டில் பதிவாகி, இந்த நாட்டுக்கு உழைக்கும் நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்களே என்பது சிதாம்பரோமின் வாதம். வழக்கும் வாதமும் பத்தொன்பது ஆண்டுகள் நீண்டன. 1923ஆம் ஆண்டில், புவன்காரே தலைமை அமைச்சராக இருந்தபோது, பிரெஞ்சு அரசு அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டது. 1952இல் சிதாம்பரோம் மறைந்தார். கூலியின் மகனாகப் பிறந்தவர் ஒரு சமுதாயம் முழுவதற்கும் வாக்குரிமை பெற்றுத் தந்துவிட்டுச் சென்றார். அந்தப் போராட்டத்தில் அவர் காலூன்றி நின்ற இடம், தாம் பிறந்த மண்ணில் தம்மைப் பற்றி எழுதப்பட்டிருந்த பதிவு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சிதாம்பரோம் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய குடும்பம் சிதம்பரத்திலிருந்து போனது என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. சிதம்பரம் என்பது தமிழ்நாடெங்கும் மக்கள் சூடும் பெயர். ஊரும் தந்தை பெயரும் கப்பல் ஏட்டில் ஒத்து வந்தால் மட்டுமே அப்படிச் சொல்லலாம். அவர் எந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்பதும் இங்கே நமக்கு வேண்டியதில்லை. அவர் நமக்குக் கற்றுத்தரும் பாடமே வேண்டும்.

ஏடு இல்லாததால் நாடு இழந்தவர்கள்

ஏடு இருந்ததால் உரிமை பெற்றவரைக் கண்டோம். ஏடு இல்லாததால் உரிமை இழந்தவர்களையும் காணவேண்டும். இலங்கையின் மலைநாட்டுக்குக் கங்காணி வழியாகச் சென்ற தமிழர்களுக்கு நேட்டாலைப் போன்ற முழுமையான தனியாள் பட்டியல் இல்லை. நடந்து சென்றார்கள், தோணியில் கடந்தார்கள், காட்டை அழித்துத் தேயிலை நட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களே.

1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்ததை, அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் அங்கே பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று அது கேட்டது. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்த தொழிலாளி, தன் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாக ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று விட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுத் துன்பம்! பாட்டன் பெயர் எழுதிய ஒரு தாள் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

நம் ஊரிலும் இதை ஒத்த ஒன்று உண்டு. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892ஆம் ஆண்டு அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒப்படைக்க வழி பிறந்தது. அதையே பஞ்சமி நிலம் என்கிறோம். அந்நிலம் நம்மவர் அல்லாதார் கைக்குப் போயிருந்தால் மீட்கக் கேட்கும்போது, முதலில் ஒப்படை பெற்றவர் யார், அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற கேள்வி எழும். பாட்டன் பெயர் தெரியாத பேரன் அந்த இடத்தில் வாயடைத்து நிற்கவேண்டியிருக்கிறது.

தேடும் முறை

இனி இளைஞர்கள் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஆவணக் காப்பகத்துக்கு முன் பாட்டியிடம் செல்லுங்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. ஆகவே ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுதலைமுறையில் திரும்பி வரும். அதைப் பிடித்து மேலேறலாம். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது, பங்காளிகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்லி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். குடும்பம் எங்கிருந்து குடிபெயர்ந்து வந்தது என்பதைக் குலதெய்வம் பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவதாக, மொய் நோட்டுகளைத் தேடுங்கள். கல்யாணத்துக்கும் காதணிவிழாவுக்கும் மொய் எழுதியவர்களின் ஊரும் பெயரும் தந்தை பெயரும் அதில் உண்டு. நம் சமுதாயம் தன் கையாலேயே எழுதிக்கொண்ட பதிவேடு அது. பழைய காகிதம் என்று எடைக்குப் போடாதீர்கள்.

மூன்றாவதாக, பிறப்பு இறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இப்பதிவு வலுப்பெற்றது. பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் இருப்பதுண்டு. எனவே தந்தையின் பெயரைக் கொண்டு தேடுங்கள். கிராமப் பதிவுகளை அந்நாளில் வைத்திருந்தவர்கள் மணியக்காரரும் கர்ணமும். அப்பதவிகள் 1980 நவம்பர் 14இல் ஒழிக்கப்பட்டன. அவர்களிடமிருந்த ஏடுகளில் காப்பாற்றப்பட்டவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக மறுத்தால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்.

நான்காவதாக, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. சதாரா அரசுப் பள்ளியில் 1900 நவம்பர் 7ஆம் நாள் சேர்ந்த ஒரு சிறுவனின் பெயர் பீவா ராம்ஜி அம்பேத்கர் என்று அப்பள்ளியின் ஏட்டில் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் பெயர் அன்று எழுதப்பட்ட அந்த ஏட்டை இன்றும் போற்றிக் காக்கிறார்கள். நம் பகுதியில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அதன்பின் தொழிலாளர் துறைப் பள்ளிகள் பல ஊர்களில் எழுந்தன. நம் குடும்பங்களில் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியவரின் பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் இத்தகைய ஏடுகளில் இருக்கும்.

ஐந்தாவதாக, நிலப் பதிவேடு. அ பதிவேடு, சிட்டா, அடங்கல் ஆகியவற்றோடு பழைய மானியப் பதிவேடுகளையும் பாருங்கள். ஊர்ப்பணி செய்த வெட்டியானுக்கு விடப்பட்ட மானியம் நம்மவர் பெயரைத் தாங்கியிருக்கக்கூடும்.

ஆறாவதாக, தேவாலய ஏடுகள். மேல்பட்டாம்பாக்கத்தில் 1860களில் மிஷன் பணி தொடங்கிய கார்ல் ஓக்ஸ், சாதி வேற்றுமை பற்றிய கருத்து மாறுபாட்டால் லைப்சிக் மிஷனை விட்டு வந்தவர். பின்னர் டேனிஷ் மிஷன் அப்பணியை ஏற்றது. இத்தகைய சபைகளின் ஞானஸ்நான ஏட்டில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே இருப்பதுண்டு. குடும்பத்தில் ஒரு கிளை கிறித்தவத்தைத் தழுவியிருந்தால் அந்தக் கிளையின் ஏடு மற்றக் கிளைகளுக்கும் விளக்காகும்.

எல்லா ஏடுகளிலும் பெயர்மாற்றங்களை நினைவில் வையுங்கள். நம் மாவட்டம் 1993 வரை தென்னாற்காடு. அதற்கு முற்பட்ட ஏட்டில் கடலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. நம் சமுதாயத்தின் பெயரும் அப்படியே. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்று 1922இல் சென்னை அரசு ஆணையிட்டது. ஒரே குடும்பம் அதற்கு முன் ஒரு பெயரிலும் பின் மறுபெயரிலும் நிற்கும்.

எடுத்துக்காட்டாக, மாரிமுத்து என்ற கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கப்பல் ஏறிப் போனார் என்று ஒரு வீட்டில் வாய்வழிச் செய்தி இருப்பதாகக் கொள்வோம். கப்பல் ஏட்டில் அவர் பெயரைக் கண்டதும் துள்ளிக் குதிக்கவேண்டாம். தந்தை பெயர் ஒத்துவர வேண்டும். தாலுகாவும் ஊரும் ஒத்துவர வேண்டும். வயது ஏறக்குறையப் பொருந்த வேண்டும். இவற்றில் மூன்றாவது ஒத்தால்தான் அவர் நம்மவர். ஒன்று மட்டும் ஒத்தால் "இருக்கலாம்" என்று எழுதி வைத்துவிட்டு மேலும் தேடுங்கள்.

நம் கையால் ஓர் ஏடு

நிறைவாக இரண்டு வேண்டுகோள்.

முதல் வேண்டுகோள்: பெருமைக்காகப் பொய்க் குலவரலாறு புனையாதீர்கள். அரசன் வழி வந்தோம், அமைச்சன் வழி வந்தோம் என்று சான்றில்லாமல் எழுதினால், உண்மையாக வாழ்ந்து மறைந்த முன்னோரை நாமே இரண்டாம் முறை அழித்தவர்களாவோம். பஞ்சத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து மூன்றாவதை வளர்த்தெடுத்த ஒரு நடவுக்காரத் தாய் நமக்குக் கிடைத்தால், அவளைவிடப் பெரிய அரச வம்சம் நமக்கு வேண்டியதில்லை.

இரண்டாம் வேண்டுகோள் இக்கழகத்துக்கு. இந்த வெள்ளி விழாவின் நினைவாக ஒரு குடும்ப ஏட்டைத் தொடங்குங்கள். உறுப்பினர் வீடு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நான்கு தலைமுறைப் பெயர்கள், அவரவர் பிறந்த ஊர், செய்த தொழில், முதன்முதலில் பள்ளி சென்றவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பெண்களை "இன்னார் மனைவி" என்று எழுதி முடித்துவிடாமல், அவர்களுடைய சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுங்கள். மருமகளை அவள் பிறந்த ஊரின் பெயரால் அழைத்து அழைத்தே அவளுடைய பெயரை மறந்துபோன வீடுகள் நம்மிடையே உண்டு. எண்பது வயதைக் கடந்த பெரியவர்களிடம் முதலில் செல்லுங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் அவர்களில் சிலரைக் கொண்டுபோகிறது; அவர்களோடு நூறு பெயர்கள் போகின்றன.

மன்னர்கள் கல்லில் எழுதிக்கொண்டார்கள். முதலாளிகள் கூலிக் கணக்கில் நம்மை எழுதினார்கள். எழுத்தறிந்த முதல் தலைமுறைகளாகிய நாம், நம்மை நாமே எழுதும் காலம் இது. இக்கழகம் நமக்கு எழுத்தைக் கொடுத்தது. அந்த எழுத்தால் நாம் முதலில் எழுதவேண்டியவை, நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர்களின் பெயர்கள்.